தூதரக வாயிலில்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், மேல்பட்டாம்பாக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் நாம் பேசாமல் விட்ட பொருள்கள் மிகக் குறைவு. சங்கப் பாடலில் தொடங்கிப் புதுக்கவிதை வரை வந்தோம். கம்பனைப் பற்றி மட்டும் எத்தனை மாதங்கள் பேசினோம் என்பது செயலாளரின் குறிப்பேட்டுக்குத்தான் தெரியும். ஆயினும் நம்மூர்த் தெருக்களில் நாள்தோறும் பேசப்படுகிற ஒரு பொருள் இம்மேடைக்கு இதுவரை வரவில்லை. "தம்பிக்கு விசா வந்துவிட்டதா?", "மருமகளுக்கு எப்போது தேதி கொடுத்திருக்கிறார்கள்?" என்று கேட்கிறோமே, அந்த விசாவைத்தான் சொல்கிறேன். நூல்களில் நுழைவிசைவு என்று எழுதுகிறோம். வாயால் விசா என்றே சொல்கிறோம். இவ்வுரையிலும் விசா என்றே சொல்ல அனுமதி வேண்டுகிறேன். சில நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கான விசாவைப் பற்றி நான் பேச வரவில்லை. அயல்நாட்டில் தங்கி வாழ்வதற்கு உரிமை கேட்டுத் தூதரகத்தின் முன் நிற்கும் அந்த ஒரு முற்பகலைப் பற்றியே பேச விழைகிறேன்.

இப்பொருள் இலக்கிய மன்றத்திற்கு உரியதா என்று சிலர் முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன். தொல்காப்பியரைத் துணைக்கு அழைக்கிறேன். தலைவன் தலைவியைப் பிரிவதற்குரிய காரணங்களைத் தொல்காப்பியர் எண்ணிச் சொல்கிறார்: கல்வி, பகை, தூது, பொருள். இன்று அயல்நாடு செல்வோர் தூதரகப் படிவத்தில் "பயணத்தின் நோக்கம்" என்னும் கட்டத்தில் எழுதுவதும் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றைத்தான். படிப்பு என்பான் ஒருவன், வேலை என்பான் மற்றொருவன், பகைக்கு அஞ்சி ஓடிவந்தேன் என்பான் ஈழத்து இளைஞன். அகத்திணையியலில் இன்னொரு நூற்பாவும் உண்டு. கடல்வழிச் செலவு மகளிரோடு நிகழும் வழக்கம் இல்லை என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இதற்கு வெவ்வேறு விளக்கம் தருவர். அந்த விவாதம் இருக்கட்டும். நம் இலக்கியம் ஈராயிரம் ஆண்டுகளாகப் போனவனையும் காத்திருந்தவளையும் பாடியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. இன்றோ காத்திருந்தவள் தானே எழுந்து, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலை முதல் பேருந்தில் புறப்படுகிறாள். கணவனோடு சேர்ந்து வாழ்வதற்கு ஓர் அரசாங்கத்தின் இசைவு வேண்டும். அந்த இசைவைப் பெற அவள் தன் வாழ்க்கையைத் தாள் தாளாக மெய்ப்பிக்க வேண்டும். இதற்கு எந்தத் திணையைச் சொல்வது? பாலை என்றால் அவள் போய்ச் சேரத்தானே போகிறாள்! முல்லை என்றால் அவள் வீட்டில் இருக்கவில்லையே!

இந்த வினா நம்மூருக்கு மிக அணுக்கமானது. ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

நாம் அமர்ந்திருக்கும் இவ்விடத்திலிருந்து வடக்கே சென்று பெண்ணையாற்றைக் கடந்தால் கரையாம்புத்தூர், நெட்டப்பாக்கம், பாகூர் என்று புதுவையைச் சேர்ந்த ஊர்கள் வருகின்றன. வரைபடத்தில் பார்த்தால் கடலூர் மாவட்டமும் புதுவை நிலமும் பின்னிய பாய்போலக் கிடக்கும். ஆற்றுக்கு இப்பக்கம் வெள்ளையன் ஆங்கிலம் பேசினான். அப்பக்கம் வெள்ளையன் பிரெஞ்சு பேசினான். நடவுக்கும் அறுவடைக்கும், கொள்வினைக்கும் கொடுப்பினைக்கும் மக்கள் அந்த எல்லையைப் பொருட்படுத்தியதே இல்லை. நெல்லிக்குப்பத்துப் பெண்ணைப் பாகூரில் கொடுத்தார்கள்; நெட்டப்பாக்கத்துப் பெண்ணை நம்மூரில் எடுத்தார்கள். சாவடியில் சரக்குக்குத்தான் சோதனை, சம்பந்தத்திற்கு இல்லை.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. ஆனால் கைமாறியது ஆட்சிதானே ஒழிய, சட்டப்படியான உரிமை அன்று. அதற்கான உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அந்த 1956ஆம் ஆண்டில்தான் நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் பதிவு பெற்றது. 1962இல் நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு மின்சாரம் தரத் தொடங்கியது. சோவியத்துப் பொறியாளர்கள் நகரியத்தில் குடியிருந்தார்கள். இக்கரையில் அயல்நாட்டார் வந்து குடியிருந்த அதே நாள்களில், ஆற்றுக்கு அக்கரையில் உள்ளூர்க்காரர்கள் தாம் உள்ளூராரா அயல்நாட்டாரா என்று முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

உடன்படிக்கையின் சொற்களைக் கவனியுங்கள். புதுவை நிலப்பகுதியில் பிறந்து, அங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாவர். பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். 1963 பிப்ரவரி நடுவில் அந்தக் கெடு முடிந்தது. தந்தை எதைத் தேர்ந்தெடுத்தாரோ, மணமாகாத சிறுவயதுப் பிள்ளைகளுக்கும் அதுவே. அவ்வாறு எழுதிக் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 5000 பேர். படையில் பணியாற்றி இந்தோசீனாவரை போய்வந்து ஓய்வூதியம் பெற்றவர்கள் இவர்களுள் பலர். புதுவை மக்கள் இவர்களைச் 'சொல்தா' என்று அழைப்பார்கள். எழுதிக் கொடுக்காதவர்கள் பல மடங்கு. அறுவடை நேரத்தில் யார் போவது என்று இருந்துவிட்டவர்களும், அரசியல் பற்றினால் மறுத்தவர்களும், செய்தியே எட்டாதவர்களும் அவர்களுள் இருந்தனர். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் பிரெஞ்சுக்காரனாகவும் தம்பி இந்தியனாகவும் ஆன குடும்பங்கள் பாகூர்ப் பக்கத்தில் இருக்கின்றன. பாகப்பிரிவினையில் நிலம் பிரிவதைப் பாடியிருக்கிறோம். நாடு பிரிந்த பாகப்பிரிவினையை எவரும் பாடக் காணோம்.

இதில் நம்மூருக்கென்றே ஒரு சிறப்புச் செய்தி உண்டு. புதுவை நிலத்தில் "பிறந்தவர்கள்" என்றுதானே உடன்படிக்கை சொல்கிறது? பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தும் அந்நிலத்திற்கு வெளியே பிறந்தவருடைய நிலை என்ன? அவரைப் பற்றி அந்த விதி பேசவில்லை. எனவே அவர் எதையும் எழுதிக் கொடுக்காமலேயே பிரெஞ்சுக் குடிமகனாகத் தொடர்கிறார் என்பது பின்னர்ப் பிரெஞ்சுச் சட்டம் கண்ட முடிவு. இப்போது நம் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். பாகூரில் வாழ்க்கைப்பட்ட பெண் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, மாட்டு வண்டியேறி ஆற்றைக் கடந்து இக்கரையிலுள்ள தாய்வீட்டுக்கு வந்து பிள்ளை பெற்றாள். அவள் எந்தச் சட்டத்தையும் நினைத்து வரவில்லை. தாய் வைத்துக் கொடுக்கும் மருந்துக்குழம்பை நினைத்து வந்தாள். ஆனால் அந்த வண்டிப் பயணம், மூத்த பிள்ளையின் நாட்டை அறுதியிட்டுவிட்டது. இளைய பிள்ளை பாகூரிலேயே பிறந்ததால், எழுதிக் கொடுக்காதவன் இந்தியனானான். சீமந்தம் என்னும் சடங்குக்குப் பன்னாட்டுச் சட்டத்தில் இப்படி ஓர் இடம் இருக்கும் என்று எந்தப் புலவன் கண்டான்!

அதனால்தான் இன்றும் நம் பேரூராட்சிகளின் பழைய பிறப்புப் பதிவேடுகளைத் தேடி அக்கரையிலிருந்து ஆள்கள் வருகிறார்கள். பாட்டன் எங்கே பிறந்தான் என்று ஒரு தாள் கிடைத்தால், பேரன் தூதரக வாயிலில் நிற்கலாம். கிடைக்காவிட்டால் கதை மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்து, பெயர். கவிஞர்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும்.

தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து, பிறகு தன் பெயர். ஊர் பெயரையும் சேர்த்தால் இரண்டெழுத்து. அவ்வளவில் அவன் முழுமை பெற்றுவிடுகிறான். தூதரகத்தின் படிவத்திலோ முதற்கட்டமே குடும்பப் பெயர். அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்திற்குப் போக இயலாது. ஒருவன் தந்தையின் பெயரை அங்கே எழுதுகிறான். அங்கே போனபின் எல்லோரும் அவனைத் தந்தையின் பெயரால் அழைக்கிறார்கள். இறந்துபோன அப்பாவை நாள்தோறும் யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கிறது என்று ஒரு நண்பர் எனக்கு எழுதினார். அது கவிதையன்று, கடிதத்தில் வந்த ஒரு வரி. ஆயினும் அண்மைக் காலத்தில் நான் படித்த கவிதைகள் பலவற்றைவிட அது என்னை உலுக்கியது. பெண்ணின் நிலை இன்னும் சிக்கல். பள்ளிச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து, குடும்ப அட்டையில் கணவனின் முதலெழுத்து, கடவுச்சீட்டில் விரித்தெழுதிய ஒரு பெயர். மூன்றும் ஒருத்தியே என்பதற்கு நான்காவதாக ஒரு சான்று வேண்டும்.

இச்சிக்கல் இன்று நேற்றுப் பிறந்ததன்று. 1881 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட ஆணையின்படி, புதுவைத் தமிழர்கள் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று பிரெஞ்சு அரசு வழிவகுத்தது. துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வியக்கத்தில் முன்னின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. அவர் 1873இல் ஐரோப்பியர் அணியும் காலணியோடு நீதிமன்றத்தில் நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி வென்றவர். குடும்பப் பெயர் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது அவர் தேர்ந்தெடுத்த பெயர் லாபோர்த். பிரெஞ்சில் அச்சொல்லுக்குக் கதவு, வாயில் என்று பொருள். வாயிலில் தடுக்கப்பட்ட மனிதர் வாயில் என்றே பெயர் வைத்துக்கொண்டார்! புனைபெயர் சூட்டிக்கொள்வதில் நாம்தாம் வல்லவர்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஒரு படிவத்தின் கட்டத்தை இவ்வளவு பொருளோடு நிரப்பியவர் நம்முள் யாரேனும் உண்டா?

இனி, நான் உடனிருந்து கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு, அக்கரையைச் சேர்ந்த, பிரெஞ்சுக் குடியுரிமை உடைய மாப்பிள்ளை. திருமணம் நம்மூரில் நடந்தது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு திருமணப் பதிவு கட்டாயம் என்பதால் சார்பதிவாளர் சான்று இருந்தது. அது மட்டும் போதாது. பிரெஞ்சுக் குடிமகன் அயல்நாட்டில் மணம் செய்தால் அந்தத் திருமணம் பிரெஞ்சுப் பதிவேட்டிலும் ஏற வேண்டும். உலகெங்கும் உள்ள பிரெஞ்சுக்காரர்களின் பிறப்பு, மண, இறப்புப் பதிவுகளுக்கென்று நான்த் என்னும் நகரில் ஒரு நடுவண் அலுவலகம் 1965 முதல் இயங்கி வருகிறது. நம்மூர் மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டிய முகூர்த்தம், அட்லாண்டிக் கடலுக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் ஒரு பதிவாக இருக்கிறது! அதன் பிறகே விசாவுக்கு விண்ணப்பம். முன்பெல்லாம் விடியுமுன் போய் வரிசையில் நிற்க வேண்டும். சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் நின்ற வரிசைகளை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இன்று கணினி வழியே விண்ணப்பத்தை நிரப்பி, நாளும் நேரமும் பெற்றுக்கொண்டுதான் போக வேண்டும். பல நாடுகளுக்கு விரல் ரேகையையும் படத்தையும் தனியார் மையம் ஒன்று வாங்கிக்கொள்ள, முடிவைத் தூதரகம் எடுக்கிறது. வரிசை குறைந்திருக்கிறது. வயிற்றைப் பிசையும் அச்சம் குறைந்ததாகத் தெரியவில்லை.

நேரம் குறிக்கப்பட்ட நாளுக்கு ஒரு வாரம் முன்பு, தாள்களை மொழிபெயர்க்கப் புதுவையில் ஓர் அம்மையாரிடம் சென்றோம். பிரெஞ்சும் தமிழும் செம்மையாகக் கற்றவர். துணைக்கு எவரேனும் படித்தவர் வரட்டும் என்று என்னை அழைத்துச் சென்றார்கள். அம்மையார் பெண்ணிடம், "உங்கள் இருவருக்கும் முதல் சந்திப்பு எப்போது என்று கேட்பார்கள் அம்மா, என்ன சொல்வாய்?" என்றார்.

பெண் விழித்தாள். "அவர் எனக்கு அத்தை மகன். எப்போது பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? என்னைத் தொட்டிலில் போட்ட அன்றைக்கே அவர் வந்திருந்தாராம்" என்றாள்.

அம்மையார் சிரிக்கவில்லை. எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு எங்களிடம் விளக்கினார். அத்தை மகனுக்கும் மாமன் மகனுக்கும் பிரெஞ்சில் கூசேன் என்னும் ஒரே சொல். சித்தப்பா மகனுக்கும் பெரியப்பா மகனுக்கும் அதே சொல். ஆங்கிலத்தின் கசினும் அத்தகையதே. நமக்கு ஒருவன் அண்ணன், மற்றவன் மாப்பிள்ளை; இடையில் மலையளவு தூரம். அவர்களுக்கோ இருவரும் ஒரே வரிசை. "கூசேன் என்று எழுதினால் தவறில்லை, சட்டமும் அதைத் தடுக்காது. ஆனால் நீ சொன்னது அந்தச் சொல்லில் வராது" என்றார்.

பெண் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பெரியப்பா, அண்ணனைக் கட்டிக்கொண்டேன் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளமாட்டார்களா?" என்று கேட்டாள்.

அக்கேள்விக்கு விடை சொல்ல எனக்குச் சொல் கிடைக்கவில்லை. அம்மையார்தாம் விடை கண்டார். ஒரு சொல்லுக்குப் பதிலாக, "தந்தையின் உடன்பிறந்தாளுடைய மகன், இவ்வுறவில் மணம் செய்வது இப்பகுதி மக்களின் வழிவழி வந்த வழக்கம்" என்று முழுத்தொடராக எழுதினார். இரண்டு எழுத்தில் நாம் 'முறை' என்று சொல்லி முடிப்பதற்குப் பிரெஞ்சில் இரண்டு வரி ஆயிற்று. அகராதி செய்வோர் மட்டுமல்லர், சங்கப் பாடல்களை அயல்மொழிக்குக் கொண்டுபோக விழையும் நம் நண்பர்களும் அந்த இரண்டு வரியை ஒருமுறை பார்த்து வருவது நன்று.

அக்காள் மகளை மணந்த தாய்மாமனாக இருந்திருப்பின் இரண்டு வரியில் முடிந்திராது. நமக்கு அது உரிமை. பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 163ஆம் பிரிவில் அது தடை. தக்க காரணம் இருப்பின் குடியரசுத் தலைவரே தடையை நீக்கலாம் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. நம்மூரில் பாட்டியின் ஒரு தலையசைப்பில் முடிகிற காரியத்திற்கு அங்கே நாட்டின் தலைவர் வேண்டும்.

சான்றுகளின் கட்டில் திருமண அழைப்பிதழும் இருந்தது. அதன் பின்பக்கத்தில் நம் வட்டத்து உறுப்பினர் ஒருவர் எழுதிய வாழ்த்துப்பா. அம்மையார் அதையும் மொழிபெயர்க்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், இது சான்றாகாது என்று பெண்ணின் தந்தை சொன்னார். பெண்தான், "இருக்கட்டும், அதில்தான் எங்கள் இரண்டு பேர் பெயரும் முழுதாக இருக்கிறது" என்றாள். முதலெழுத்து இல்லாமல், குடும்பப் பெயர் இல்லாமல், சீரும் தளையும் அமைய இரண்டு பெயர்களும் அந்தப் பாவில் அருகருகே நின்றன. கவிஞர் இங்கே அமர்ந்திருக்கிறார். அவருக்கு இச்செய்தி இப்போதுதான் தெரியும். அப்பாடல் தூதரகத்தின் கோப்பில் இருக்கிறது. சில வாரம் கழித்துப் பெண்ணுக்கு விசா வந்தது. எதனால் வந்தது என்பதைக் கோப்பைப் பார்த்தவர்களே அறிவர். கவிஞர் பெருமை கொள்வதை நான் தடுக்கமாட்டேன்.

தங்குவதற்கு உரிமை கேட்டு அயலரசின் முன் நின்றவர்களுள் நம் பெருங்கவிஞன் ஒருவனும் உண்டு என்பதை இம்மன்றத்திற்கு நினைவூட்டாமல் விடலாகாது. பாரதி 1908இல் புதுவைக்குச் சென்றான். அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910இல் சென்றனர். ஆங்கில அரசின் நெருக்குதலால் 1911ஐ ஒட்டிப் பிரெஞ்சு ஆட்சி, அயலார் சட்டம் ஒன்றைக் கொணர்ந்தது. புதுவையில் தங்கும் அயலார் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர்களுக்காக ஊரில் மதிப்புடையோர் ஐவர் கையொப்பமிட வேண்டும். ஆங்கிலேயரின் கண்காணிப்பில் இருப்பவர்களுக்காக எவன் கையெழுத்துப் போடுவான்? கலவை சங்கரச் செட்டியார் முன்வந்தார்; மற்றவர்களிடமும் பேசி ஐந்து கையொப்பங்களைச் சேர்த்தார். பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் எழுந்த ஊரில் தங்கியிருக்க அந்தக் கவிஞனுக்கு உரிமை தந்த தாள் அது. பாரதி விழா எடுக்கும்போதெல்லாம் அவன் தலைப்பாகையைப் பாடுகிறோம். அந்த ஐந்து கையொப்பங்களைப் பாடியதில்லை. பத்தாண்டில் நானும் கேட்கவில்லை, நீங்களும் பாடவில்லை.

1918 நவம்பரில் பாரதி புதுவையை விட்டு வெளியேறினான். எல்லையைக் கடந்ததும் கைது. கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்திற்கு மேல் இருந்து, டிசம்பரில் நிபந்தனைகளோடு விடுதலையாகிக் கடையத்திற்குச் சென்றான். நாம் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் அதே கடலூர். அயல்மண்ணில் தங்க உரிமை பெற்றிருந்தவன், தாய்மண்ணில் கால் வைத்ததும் சிறைப்பட்டான்.

மலையகத் தமிழரின் வரலாற்றையும் ஒரு சொல்லில் தொட்டுச் செல்கிறேன். அதற்குத் தனிக் கூட்டமே வேண்டும். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரிக்கப்பட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பகிர்ந்தார்கள். கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்துக் கடவுச்சீட்டு வாங்கியவர்கள், தாம் பிறந்த தோட்டத்திலேயே அயலாராகி, கப்பலுக்கு நாள் வரும்வரை தங்குவதற்குத் தனி அனுமதி பெற்றிருக்க வேண்டியதாயிற்று. பிறந்த லயத்தில் படுத்துறங்க விசா! பாகூரில் கேட்டது, "இருக்கும் இடத்திலேயே இரு, எந்த நாட்டவன் என்று சொல்" என்னும் கேள்வி. தேயிலைத் தோட்டத்தில் கேட்டது, "எந்த நாட்டவன் என்று சொல், அங்கே போய்விடு" என்னும் கேள்வி. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன்.

ஈழத்து எழுத்தாளர்கள் இத்துறையில் நம்மை முந்திவிட்டார்கள். பாரிசில் வாழும் ஷோபாசக்தி 2001இல் வெளியிட்ட 'கொரில்லா' நாவலில், அகதி உரிமை கேட்டு எழுதும் விண்ணப்பத்தின் வடிவத்தையே கதை சொல்லும் வடிவமாக ஆண்டிருக்கிறார். விண்ணப்பத்தில் பொய்யும் மெய்யும் எப்படிக் கலக்கின்றன, அதிகாரிக்குப் புரியும்படி ஒரு மனிதன் தன் துயரத்தை எப்படி வரிசைப்படுத்துகிறான் என்பதெல்லாம் அதில் உண்டு. நாம் கடிதத்தைக் கவிதையாக்கினோம். தாலாட்டை, ஒப்பாரியைக் கவிதையாக்கினோம். மேகத்தையும் கிளியையும் தூதுவிட்ட மரபு நம்முடையது. தூதரகத்திற்கு எழுதும் விண்ணப்பத்தை மட்டும் ஏன் தட்டச்சுக் கடைக்காரரிடம் விட்டுவிட்டோம்?

உணர்ச்சி வறண்ட தாள்களில் கவிதைக்கு என்ன வேலை என்று சென்ற மாதம் ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். அவருக்கு நான் அளித்த விடை: உணர்ச்சியைக் காட்டக்கூடாது என்று கட்டுப்படுத்திக்கொண்டு ஒரு பெண் விரல் ரேகை கொடுப்பதைப் போய்ப் பாருங்கள். வயலில் வேலை செய்து ரேகை தேய்ந்துபோன தாய்க்கு, இயந்திரம் விரலை ஏற்காமல் மறுபடி மறுபடி அழுத்தச் சொல்வதைப் பாருங்கள். உழைத்த கைதான் தன்னை மெய்ப்பிக்க மாட்டாமல் தடுமாறுகிறது. நண்பருக்கு இன்னும் மனநிறைவில்லை. இக்கூட்டத்தின் முடிவில் எழுந்து மறுப்பார் என எதிர்பார்க்கிறேன்.

என் வேண்டுகோள் ஒன்று உண்டு. 1962-63இல் எழுதிக் கொடுத்தவர்களும், எழுதிக் கொடுக்க மறுத்தவர்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அன்று இருபது வயதைக் கடந்திருந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் கொடுத்த தாள்கள் அரசுக் கோப்புகளில் பத்திரமாக இருக்கும். அந்தத் தாளில் கையெழுத்திடுவதற்கு முந்தைய இரவு வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், மனைவி என்ன சொன்னாள், தம்பி ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்பவை எந்தக் கோப்பிலும் இல்லை. அவர்கள் நினைவில் மட்டும் இருக்கின்றன. நம் வட்டம் பதினோராம் ஆண்டில் கவியரங்கம் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, அந்தச் செலவில் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஊர்களுக்குச் செல்ல வேண்டும் என்று முன்மொழிகிறேன். நால்வர் போதும். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் நலம். பாட்டிமார்கள் நம்மிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார்கள். பாகூரிலும் நெட்டப்பாக்கத்திலும் எனக்குத் தெரிந்த மூன்று குடும்பத்தாரிடம் கேட்டு இசைவு பெற்றிருக்கிறேன். அவர்களுள் ஒரு முதியவர், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வந்தால் பேசுவேன், மதியம் தூங்கிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். பெயர் கொடுக்க விரும்புவோர் உணவு இடைவேளையில் செயலாளரிடம் கொடுக்கலாம்.